டிரைவர் வால்வு நம்ம ஊர்ப் பரணிலேயே இருக்கிறது

சிங்காநல்லூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறேன். பம்ப் வேலை குறையும் மழைக்காலத்தில் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சுற்றிக் கொடுக்கிறேன். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற மில் எலெக்ட்ரீஷியன்கள் என்று பலர் வருகிறார்கள். தன் கையாலேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் கட்டி, செல்போனில் இருக்கிற பழைய பாட்டை அதில் கேட்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நல்ல ஆசை. ஆனால் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கிற முதல் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது: “அண்ணா, டிரைவருக்கு முல்லார்ட் வாங்கறதுங்களா, டெலிஃபுங்கன் வாங்கறதுங்களா?”

டிரைவர் வால்வு என்பது ஆம்ப்ளிஃபயரில் முதலில் நிற்பது. செல்போனிலிருந்து வருகிற சிறிய சிக்னலை வாங்கிப் பெருக்கி, ஸ்பீக்கரை ஓட்டுகிற பெரிய வால்வுக்குத் தள்ளிக் கொடுப்பது அதன் வேலை. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் செய்த முல்லார்ட் இசிசி 83-க்கும், அடிப்பாகத்தில் கண்ணாடியிலேயே வைரக்குறி பதித்த ஜெர்மனியின் டெலிஃபுங்கனுக்கும் இன்று உலகம் முழுக்கப் போட்டி. கிடார் வாசிப்பவர்களின் ஆம்ப்ளிஃபயர்களில் அதிகம் போடுவது இந்த ரகத்தைத்தான். விலை ஏறியதற்கு அது ஒரு பெரிய காரணம். நல்ல வால்வுகள், அதை மறுக்கவில்லை. ஆனால் நாம் கட்டப்போகிற ஆம்ப்ளிஃபயருக்கு என்ன தேவை என்று கணக்குப் போடாமல் பெயருக்குப் பணம் கொடுப்பது தவறு என்பதை எங்கும் சொல்வேன். கிணற்றின் ஆழத்தைக் கேட்காமல் மோட்டார் விற்கிற கடைக்காரரை எந்த விவசாயியும் நம்ப மாட்டார். வால்வுக்கும் அதே முறைதான்.

கணக்கைப் பார்ப்போம். வீட்டில் கட்டுகிற சின்ன ஆம்ப்ளிஃபயரில் பெரும்பாலும் அவுட்புட்டுக்கு இருப்பது இஎல் 84. 250 வோல்ட்டில் அது முழுத்திறனாக 5.7 வாட் தர, அதன் கிரிட்டுக்கு 4.3 வோல்ட் சிக்னல் போதும். செல்போனின் இயர்போன் துளையிலிருந்து அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை வருகிறது. ஆகவே டிரைவர் வால்வு சிக்னலைப் பெருக்க வேண்டியது அதிகம் போனால் ஒன்பது மடங்கு. ஒரே குடுவைக்குள் இரண்டு டிரையோடு அடங்கிய இசிசி 83-இன் ஒரு பாதியே 50, 60 மடங்கு பெருக்கும். அதை அப்படியே போட்டால் வால்யூமைத் தொட்ட மாத்திரத்தில் சத்தம் எகிறும். ஹம்மும் இரைச்சலும் கூடவே ஏறும்.

அப்படியானால் குறைவாகப் பெருக்குகிற இசிசி 82 போதுமே, அது 12, 14 மடங்குதானே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் இஎல் 84 ஒரு பென்டோட், அதாவது ஐந்து மின்முனை வால்வு. அதைத் தனியாக விட்டால் ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிக்காது. தவில் அடி ஒன்றோடு ஒன்று குழைந்து கேட்கும். அதற்கு மருந்து நெகடிவ் ஃபீட்பேக். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சிக்னலை எடுத்து டிரைவரின் கேத்தோடுக்கு எதிராகத் திருப்பிக் கொடுத்தால், சிதைவு குறையும், ஸ்பீக்கர் கட்டுக்குள் வரும். அதற்கு விலையாகப் பெருக்கத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். 50 மடங்கு பெருக்குகிற டிரைவர் இருந்தால், ஒன்பதை வைத்துக்கொண்டு ஐந்து மடங்குக்கு மேல் ஃபீட்பேக்குக்குச் செலவிடலாம். இசிசி 82-இல் செலவிட மிச்சமே இருக்காது. இஎல் 84-இன் ஸ்கிரீனைப் பிளேட்டோடு சேர்த்து மூன்று மின்முனை டிரையோடாகக் கட்டி, 2 வாட் போதும், ஃபீட்பேக் வேண்டாம் என்பவருக்குத்தான் இசிசி 82 பொருந்தும்.

ஆக நமக்குத் தேவை, 50 மடங்கு அளவில் பெருக்குகிற ஒரே ஒரு டிரையோடு. அது இபிசி 81-க்குள் இருக்கிறது.

இபிசி 81 என்றால் இளைஞர்களுக்குத் தெரியாது. பழைய ரேடியோ மெக்கானிக்கைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். 1950, 60-களில் வந்த ஐந்து வால்வு ரேடியோக்களில் இசிஎச் 81, இஎஃப் 89, இபிசி 81, இஎல் 84, இஇசட் 80 என்ற வரிசை மிகச் சாதாரணம். கொங்கு நாட்டில் திருச்சி வானொலியையும் இலங்கை வானொலியையும் கேட்ட பல வீடுகளில் பாட்டு வந்த வழியே இபிசி 81 தள்ளி இஎல் 84 பாடியதுதான். அந்த வால்வுக்குள் ரேடியோவுக்கான இரண்டு டயோடுகளும் உண்டு. அவற்றைக் கேத்தோடோடு சேர்த்துவிட்டால் போதும், மீதி டிரையோடு நம் வேலைக்குத் தயார். கிடார்க்காரர்கள் இதைத் தேடுவதில்லை. அதனால் விலையும் ஏறவில்லை.

பழைய வால்வு உழைக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. ஒரு ரேடியோவுக்குள் எல்லா வால்வும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. இஎல் 84-இன் பிளேட்டில் 48 மில்லிஆம்பியர் ஓடும். இபிசி 81-இல் ஓடுவது ஒரு மில்லிஆம்பியருக்கும் கீழே. தவிர, இரண்டுக்கும் நடுவே இருக்கும் பேப்பர் கன்டென்சர் வயதாகி ஒழுகினால், வரக்கூடாத வோல்டேஜ் இஎல் 84-இன் கிரிட்டுக்குப் போய் அதைப் பழுக்கக் காய்ச்சிக் கெடுத்துவிடும். பழைய செட்டைத் திறந்தால் அவுட்புட் வால்வு ஓய்ந்திருக்கும், டிரைவர் திடமாக இருக்கும் என்பதை என் பட்டறை மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். அவுட்புட்டுக்குப் புதியதைப் போடுங்கள், டிரைவருக்குப் பழையது தாராளமாகப் போதும்.

சோதிக்கும் முறை எளியது. கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு பளபளப்பாக இருக்க வேண்டும். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. நாலாவது, ஐந்தாவது காலுக்கு இடையில் மீட்டர் வைத்தால் ஹீட்டர் இருக்கிறதா என்று தெரியும். சர்க்யூட்டில் போட்டு, சூடேற விட்டு, பிளேட்டிலும் கேத்தோடிலும் வோல்டேஜ் அளந்து டேட்டா புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். ஓடும்போது பென்சிலால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பதுபோல் கேட்கிற வால்வை ஒதுக்கிவிடுங்கள். கண்ணாடியில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பாதீர்கள். அது விரலால் தேய்த்தாலே அழியக்கூடியது, புதிதாக அச்சடிப்பதும் சுலபம். இதையெல்லாம் செய்யும்போது உள்ளே 250, 300 வோல்ட் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் உயிரை வாங்குகிற சார்ஜ் நிற்கும். அதை இறக்காமல் கை வைக்கவே கூடாது. தெரியாதவர் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

பெயருக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தை என்ன செய்வது? டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுங்கள். என் தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை. இஎல் 84-க்கு வேண்டிய லோடு 5,200 ஓம், ஸ்பீக்கர் 8 ஓம். இதற்குச் சுற்று விகிதம் ஏறக்குறைய இருபத்தைந்தரைக்கு ஒன்று. அந்த 48 மில்லிஆம்பியரும் ஒரே திசையில் ஓடுவதால் ஸ்டாம்பிங் என்கிற இரும்புத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்காமல் ஒரே பக்கமாக அடுக்கி, நடுவில் காகித இடைவெளி விட வேண்டும். பிரைமரியையும் செகண்டரியையும் பிரித்துப் பிரித்து அடுக்காகச் சுற்ற வேண்டும். சின்ன ஆம்ப்ளிஃபயரில் பாஸ் எவ்வளவு கீழே இறங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த இரும்பும் செம்பும்தான். இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-ல் உருவான ஊர் என்று பெருமை பேசுகிற கோவையில் இதைச் சுற்றத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

பெயரைப் பார்க்காமல் கணக்குப் போடுவதுதான் இந்த ஊரின் வழியும். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-ல் அறிவித்தவர் ஜி.டி. நாயுடு. வெளிநாட்டுப் பெயருக்கு மலைத்து நிற்காமல், ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது, அதற்கு என்ன செலவாக வேண்டும் என்று பிரித்துப் பார்த்த மனிதர். பிறகு 1961-ல் ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனத் தொழில்நுட்பத்தோடு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) தொழிற்சாலை ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. முல்லார்டும் பிலிப்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெங்களூரில் செய்தது என்பதற்காக ஒரு வால்வைக் கீழே வைப்பதற்கு என் மீட்டர் இதுவரை ஒரு காரணமும் காட்டவில்லை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. என் அப்பா சூலூர் சுற்று வட்டாரத்தில் ஊர் நோம்பிக்கெல்லாம் மைக் செட் கட்டியவர். அவர் தலைமுறை ரேடியோ மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கடையை ஒழிக்கும்போது அட்டைப்பெட்டி பிரிக்காத வால்வுகள் பழைய இரும்போடு எடைக்குப் போகின்றன. கண்ணாடிக்கு எடைக்கடையில் மதிப்பில்லை; உடைத்துக் கொட்டுகிறார்கள். திருப்பூரிலும் ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் பரணில் ரேடியோ வைத்திருக்கும் குடும்பங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: தூக்கிப் போடும் முன் வால்வு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாடுகிற ரேடியோவை வால்வுக்காகப் பிரிக்காதீர்கள். கரையான் அரித்த பெட்டியும், கடை மூலையில் கிடக்கும் இருப்புமே நமக்குத் தாராளம்.

நம் பாலிடெக்னிக்குகளும் ஒன்று செய்யலாம். ஒரு வால்வு டெஸ்டரை ஒழுங்காக ஓடும் நிலையில் வைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு நாள் யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து சோதித்துக்கொள்ளலாம் என்று அறிவிக்கலாம். செலவு பெரிதில்லை. மாணவர்களுக்கு அளந்து பார்க்கிற பழக்கம் வரும், பொதுமக்களிடம் இருக்கிற வால்வுகளுக்கு ஒரு சான்று கிடைக்கும், போலி அச்சுக்குப் பணம் கொடுத்து ஏமாறுவது குறையும். தம்பிகளே, வாங்கும் முன் கணக்குப் போடுங்கள், வாங்கிய பிறகு அளந்து பாருங்கள். அந்த இரண்டையும் செய்கிறவருக்கு இபிசி 81 ஒருநாளும் குறை வைக்காது.