'ஆரோக்கியமான' என்றொரு பெயரடை

வாழைப்பழ சாக்லேட் மஃபின் செய்வது எளிது. நன்றாகக் கனிந்த 3 பழம், ஒன்றரைக் கப் மாவு, அரைக் கப் கோகோ தூள், முக்கால் கப் சர்க்கரை, அரைக் கப் எண்ணெய், 2 முட்டை, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. கலந்து ஓவனில் 180 டிகிரியில் 20 நிமிடம் வேகவிட்டால் 12 வரும். சிக்கல் அதன் முன்னால் வந்து ஒட்டிக்கொண்ட 'ஆரோக்கியமான' என்ற சொல்லில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்கு எதிரானது.

வகுப்பில் இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் பெயரடையிலிருந்தே தொடங்குகிறேன். ஆரோக்கியம் வடசொல், ரோகம் இல்லாத நிலை என்று பொருள். அப்படியானால் ஆரோக்கியமான மஃபின் என்பது நோயற்ற மஃபின். மஃபினுக்கு ஏது நோய்? அதைத் தின்னப்போகிறவளை முன்கூட்டியே நோயாளியாக்கி, சுடப்போகிறவளை மருத்துவராக நியமித்துவிடுகிறது இந்தச் சொல். பல வீடுகளில் இருவரும் ஒருத்திதான். இரண்டு வேலைக்கும் சம்பளம் கிடையாது.

கார்த்திகைக்கு அம்மா அப்பம் சுடுவாள். கோதுமை மாவு, வெல்லம், கனிந்த பூவன் பழம், ஏலக்காய், நெய். கோகோவையும் முட்டையையும் விட்டால் ஏறக்குறைய இதே சாமான்கள். அதற்குப் பெயர் பலகாரம், அவ்வளவே. அம்மா எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் உடைந்ததைத் தின்றாள். அந்த அநியாயத்தை நான் மறக்கவில்லை. ஆனால் தின்றபோது தன் இடுப்பை நினைத்துக்கொண்டு தின்னவில்லை. என் தலைமுறைக்கு இரண்டும் கிடைத்தன: சமைக்கும் கடமையும் தின்றதற்கான குற்றவுணர்வும்.

நானும் அதில் விழுந்தவள்தான். மகளுக்கு எட்டு வயதானபோது சுட ஆரம்பித்தேன். முதலில் மைதா போய்க் கோதுமை மாவு வந்தது. தவிடு ஈரத்தை உறிஞ்சும் என்று தெரியாததால் முதல் ஈடு செங்கல்லாக வந்தது. பிறகு தயிர் சேர்க்கப் பழகினேன். அடுத்து வெள்ளைச் சர்க்கரை போய் நாட்டுச் சர்க்கரை. அதன்பின் எண்ணெய் பாதி. முக்கால் கப் இனிப்பு அரைக் கப்பாகி, கால் கப்பானது. ஒவ்வொன்றைக் குறைத்தபோதும் நல்ல அம்மாவாகிவிட்ட பெருமிதம் கூடியது. பகலெல்லாம் கல்லூரியில் உடலரசியல் பேசிவிட்டு, இரவு 11 மணிக்கு மறுநாள் டிபன் டப்பாவுக்காகப் பழம் மசித்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஃபினைப் பாதியாகப் பிய்த்துத் தின்றுவிட்டு மீதியைத் தட்டில் வைத்தாள். "போதும்மா. இன்னைக்கு நான் வாக்கிங் போகல." அது என் வாக்கியம். சொல்லுக்குச் சொல் என்னுடையது. பக்கத்தில் அவள் தம்பி மூன்றாவதைத் தின்றுகொண்டிருந்தான். அவனிடம் நான் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. வளர்கிற பையன் அல்லவா! ஒரே ஈடு, அதே கால் கப் சர்க்கரை. பெயரடை மட்டும் மகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்.

சரி, இதில் அறிவியலாவது இருக்கிறதா? நாட்டுச் சர்க்கரையும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கிராமுக்கு ஏறக்குறைய அதே 4 கலோரி. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டல் தேனைக்கூடக் குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் கணக்கில்தான் வைக்கிறது. நம்மிடம் பழுப்பு, புண்ணியத்தின் நிறமாகிவிட்டது. கோதுமை மாவில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. எனக்கு அதன் சுவையும் பிடிக்கிறது, அதனால் அதையே போடுகிறேன். பிடிக்கிறது என்பது ஒரு பெண்ணுக்குப் போதுமான காரணமாக இருக்கக் கூடாதா?

நீரிழிவு பெருகுகிறதே, அம்மாக்கள் கவனிக்க வேண்டாமா என்பார்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. விளையாட்டான விஷயமில்லை. அதனால்தான் கேட்கிறேன்: பத்துக் கோடிப் பேரின் நோயை ஒருத்தியின் அடுப்பங்கரையில் எப்படித் தீர்ப்பது? சிலி நாட்டில் சர்க்கரை மிகுந்த உணவுப் பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை 2016 முதல் கட்டாயம். அங்கே சட்டம் கம்பெனியைப் பார்த்துப் பேசுகிறது. இங்கே 2022இல் வந்த வரைவு, பொட்டலங்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடலாம் என்றது. கம்பெனிக்கு நட்சத்திரம், அம்மாவுக்குக் கண்டனம்.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். "கடையில் வாங்காதீர்கள், வீட்டிலேயே செய்யுங்கள்" என்ற அறிவுரை அந்த 299இன் மேல்தான் ஏறி உட்காருகிறது. அதில் 'வீட்டிலேயே' என்ற சொல்லுக்கு 'நீயே' என்று பொருள்.

பிள்ளைகளின் உணவைப் பொதுப் பொறுப்பாக்க முடியும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததல்ல. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் கண்முன்னே இருக்கின்றன. அங்கும் கிண்டுகிற கை பெண்ணின் கைதான். அவளுக்கான நியாயமான கூலி தனிப் போராட்டம், அதையும் நாம்தான் நடத்த வேண்டும். ஆனால் பள்ளியில் பரிமாறும் உப்புமாவை வைத்து எந்தத் தாயின் நல்லொழுக்கமும் அளக்கப்படுவதில்லை.

சுடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கோகோவும் பழமும் சேர்ந்து வேகும்போது வீடு முழுக்கப் பரவும் வாசனையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. முக்கால் கப்பை மறுபடி போட ஆரம்பித்துவிட்டேன். இப்போது பழம் மசிப்பது மகன். தட்டின் குழிகளில் ஒட்டியதைச் சுரண்டிக் கழுவுவது அவன் அப்பா. மகள்தான் இன்னும் சில நாள் பாதியில் நிறுத்திவிடுகிறாள். நான் ஐந்து வருடம் கற்றுக்கொடுத்ததை மறக்க அவளுக்கு நாளாகும். அந்தக் கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் தட்டில் யாராவது இந்தப் பெயரடையைப் பரிமாறினால், சமைத்தது யார், கழுவப்போவது யார், இதே கேள்வி அண்ணனிடமும் கேட்கப்பட்டதா என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முழுதாகத் தின்னுங்கள்.