தன்னை அறியும் தலைமை

வெள்ளவத்தையில் மாலை வேளைகளிற் பண்டித வகுப்பு மாணவர்க்கு இலக்கணம் கற்பிப்பது என் நெடுநாளைய வழக்கம். சில ஆண்டுகளின் முன் ஒருநாள், ‘பொற்றொடி வந்தாள்’ என்னுந் தொடரைக் கரும்பலகையில் எழுதி, ‘பொற்றொடி’ என்பது வேற்றுமைத்தொகை என்று கூறி மேலே சென்றேன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, வந்தது தொடியா, அதை அணிந்தவளா?” என்றாள். வகுப்பு நகைத்தது. அன்மொழித்தொகை என்பதை மறந்தது என் பிழை. ஆயினும், “இரு, பிறகு பார்ப்போம்” என்று சொல்லி அவளை இருத்திவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. என்னை வருத்தியது பிழையன்று. பிழையென அறிந்தபின்னும் ஒப்ப மறுத்த என் மனமே. மறுநாள் வகுப்பில் அதனை ஒப்புக்கொண்டேன். அப்பிழைக்கு நான் கொடுத்த விலை ஒருநாள்.

ஆசிரியனுக்கு ஒருநாளோடு முடிவது, நாடாள்வோனுக்கு எத்துணை விலையாகும்? இவ்வினாவுக்கு விடையை நாம் ஏட்டிற் படிக்கவில்லை. காலி வீதியில் வெற்று எரிவாயுச் சிலிண்டர்களோடு நின்று படித்தோம்.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் திகதி நடந்த தேர்தலில், 69 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளாற் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியாகத் தெரிவானார். அவர் படைத்துறையில் இருந்தவர். பாதுகாப்புச் செயலாளராக விளங்கியவர். பொருளியலும் வேளாண்மையும் அவர் பயின்ற துறைகள் அல்ல. அது குற்றமன்று, எல்லாந் தெரிந்த தலைவர் எந்நாட்டிலும் இல்லை. தமக்குத் தெரியாதது எது என்பதைத் தெரியாதிருந்ததே குற்றம். பதவியேற்ற சின்னாட்களிலேயே பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டது. வேளாண் அறிஞர் எச்சரித்தனர். உழவர் வீதிக்கு வந்தனர். நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் தொடங்கிவிட்டது. அப்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாடு பிறநாட்டு அரிசியை எதிர்பார்த்து நின்றது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. ஆறு நாட்களின் பின், புதிய அமைச்சர் முன்னிலையில், பசளைத் தடை பிழையென்றும் சர்வதேச நாணய நிதியத்தை முன்னரே நாடியிருக்க வேண்டுமென்றும் ஜனாதிபதி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டமை பாராட்டற்குரியதே. ஆனால் வயல் காய்ந்து, கருவூலமும் வெறுமையானபின் வந்த அறிவு எவர்க்கு உதவும்? ஜூலை 13ஆம் திகதி அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். பொருளாதார வீழ்ச்சிக்கு அவரும் அவர் உடன்பிறந்தார் இருவரும் அதிகாரிகள் சிலரும் பொறுப்பாளிகள் என உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். தன்னை அறிதல் என்பது தனித்திருந்து செய்யும் தியானமா? அன்று. என் பிழையை நானாகக் காணவில்லை, மாணவி கண்டாள். எழுந்து கேட்கும் வழக்கம் அவ்வகுப்பில் இருந்தமையால் நான் தப்பினேன். வள்ளுவர் பொருட்பாலில் ‘வலியறிதல்’ என ஓரதிகாரம் வகுத்து, மாற்றான் வலியோடு தன் வலியையும் அளந்தறியச் சொன்னார். அதற்கு முன்னரே ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்னும் அதிகாரம் வந்துவிடுகின்றது. தன்னைத் தானே அளக்க இயலாது; அளந்து சொல்வார் அருகிருத்தல் வேண்டும் என்பதே அம்முறைவைப்பால் நான் கொள்ளும் பொருள். 2020 ஒக்டோபரில் நிறைவேறிய 20ஆவது திருத்தமோ, ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கி, அதனைத் தடுத்து நிறுத்தும் அமைப்புகளை வலுவிழக்கச் செய்தது. எழுந்து கேட்பாரை இருத்திவிட்ட வகுப்பு அது.

கொட்டாஞ்சேனையில் வாழும் என் மாணவர்க்கு வேறொரு நாளும் மறக்கவொண்ணாதது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம் உட்படப் பல இடங்களிற் குண்டுகள் வெடித்தன. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னெச்சரிக்கை வந்திருந்தது. பாதுகாப்பு அமைச்சையுந் தம்மிடம் வைத்திருந்த அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, தமக்கு எவரும் அறிவிக்கவில்லை என்றார். உயர் நீதிமன்றம் அதனைப் போதிய விடையாகக் கொள்ளவில்லை. பத்துக் கோடி ரூபா இழப்பீட்டைத் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்துமாறு 2023 ஜனவரியிற் கட்டளையிட்டது. தான் வகிக்கும் பதவியின் பொறுப்பு எத்துணை என அறிதலும் தன்னை அறிதலின் பாற்பட்டதே.

இவை பழங்கதைகள் என்று வாளாவிருத்தல் தகாது. 2024 நவம்பரில் இன்றைய ஆளுங்கட்சி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. பெரும்பான்மை பெருகப் பெருக மாற்றுரை நலிவது இயல்பு. ஆதலின் இவ்வெற்றியே இவ்வாட்சிக்குப் பெருஞ்சோதனையுமாகும்.

பிறரைச் சொல்லும் நாம் நம்மையும் நோக்குவோம். அதே தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அக்கட்சிக்கே சென்றன. தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்று. அதற்கு இரு திங்களுக்கு முன்தான், ஜனாதிபதித் தேர்தலில் ஒரு சாரார் தமிழ்ப் பொதுவேட்பாளரை நிறுத்த, தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. மக்கள் ஏன் விலகினர்? மக்களை நொந்த குரல்கள் பல என் செவிப்பட்டன; “நாம் எங்கே தவறினோம்?” என்ற குரல் அரிதாகவே கேட்டது. உரிமை கேட்கும் இனத்தின் தலைவர்க்கு இவ்வினா மிகவும் வேண்டுவதன்றோ?

அன்று வினவிய மாணவி இன்று ஆசிரியை. தன் வகுப்பிலும் பிள்ளைகள் எழுந்து குறுக்கே கேட்கின்றனர் என்று, ஒருநாள் சற்றே சலிப்போடு என்னிடம் கூறினாள். “கேட்கட்டும், பிள்ளாய்; இருத்திவிடாதே” என்றேன்.