வரைபலகையிலிருந்து அமைச்சர் நாற்காலிக்கு

துறை தெரிந்தவர் அமைச்சரானால் நல்லதுதானே என்கிறோம். இத்தாலியில் அப்படி ஒருவர் இருந்தார். துரினில் 1833இல் பிறந்த கப்பல் பொறியாளர் பெனெதெத்தோ பிரின். நூறு டன் பீரங்கிகள் நான்கைத் தாங்கிய ‘துய்லியோ’ போர்க்கப்பலை வடிவமைத்தவர், அது கடலில் இறங்கிய 1876இலேயே கடற்படை அமைச்சரானார். கப்பலுக்கு வேண்டியது எஃகும் ஆளும் என்பது அவருக்குத் தெரியும். லிவோர்னோ கடற்படைக் கல்லூரிக்கும் தெர்னி எஃகாலைக்கும் அவரே தூண்டுகோல். ஆனால் வரைந்தவரே கையெழுத்தும் போட்டால் குறை சொல்வது யார்? நல்லவேளை, இத்தகைய ராட்சதக் கப்பல்களை எதிர்த்த ஆக்டன் என்பவரும் பிரினின் பதவிக்காலங்களுக்கு இடையில் அதே நாற்காலியில் அமர்ந்தார். நிபுணர் ஆளலாம், எதிரே தட்டிக்கேட்க இன்னொரு நிபுணரும் வேண்டும்.