டார்ட்டிங்டன் மாளிகை தரும் பாடம்

இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள டார்ட்டிங்டன் மாளிகை 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. 1925இல் எல்மர்ஸ்ட் தம்பதியினர் வாங்கியபோது அதன் பெருமண்டபத்திற்குக் கூரையே இருக்கவில்லை. தாகூரின் சிறீநிகேதனில் கிராமப் புனரமைப்புப் பணியாற்றிய லெனார்ட் எல்மர்ஸ்ட், அங்கே பண்ணைகளையும் பாடசாலையையும் உருவாக்கினார்.

தம் குழுவின் யூதக் கலைஞர்களை விலக்க மறுத்து ஜேர்மனியை விட்டு வெளியேறிய நடனக் கலைஞர் குர்ட் யோஸ், 1934இல் அங்கு புகலிடம் பெற்று நடனப் பள்ளி நடத்தினார். 1940இலோ பிரித்தானிய அரசு அவரை எதிரி நாட்டவரெனத் தடுத்து வைத்தது. விடுதலையான பின், 1942இல் மீண்டும் குழுவைத் திரட்டினார்.

புகலிடம் தந்தோரே சந்தேகிக்கும் நாள் வரலாம். அன்றும் நம்மோடு நிலைப்பது கற்ற மொழியும் கலையுமே. ஆகவே, பிள்ளைகளின் வாரஇறுதித் தமிழ் வகுப்பைப் பொழுதுபோக்கெனக் கருதித் தவறவிடாதிருப்போம்.