தணிக்கைப் பெரியவருக்கு

காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு திருமண மண்டபம். கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் பேசினார். உள்ளூர்ச் சங்கங்களுக்குக் காசு கொடுப்பது கிணற்றில் போடுவதற்குச் சமம், அவர்களிடம் தணிக்கை இல்லை, வரிக்கழிவுக்கான 80ஜி ரசீது இல்லை, இருப்பதெல்லாம் பேனரும் போட்டோவும்தான். கொடுக்க மனசிருந்தால் டெல்லி, மும்பையில் இருக்கும் பெரிய தொண்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள், மிச்சத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று முடித்தார். நல்ல கைதட்டல். எனக்குத் தட்டத் தோன்றவில்லை.

அவருக்கு உயிரான ரசீதிலிருந்தே தொடங்குகிறேன். 80ஜி கழிவு பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து நாம் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும் புதிய வரிமுறையில் அந்த ரசீது சட்டைப்பையை நிரப்பும், வரியைக் குறைக்காது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. கணக்கு படித்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு சுருக்குப் பையிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்து நீட்டுகிற பெண்ணிடம் 80ஜி பேசுவது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை.

அடுத்து, அரசாங்கம் பார்த்துக்கொள்ளுமாம். எந்த அரசாங்கம், ஐயா? நம் காரைக்காலும் சேர்ந்த புதுச்சேரிப் பிரதேசத்தில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் வழக்கில் சிக்கி நின்றது. குழாய்த் தண்ணீர் கலங்கி வருகிறது என்று சொல்லக்கூட வார்டில் ஆள் இல்லாத ஊரில்தான் 2022 ஜூலையில் காலரா வந்து, பொதுச் சுகாதார நெருக்கடிநிலை அறிவித்தார்கள். தலைநகரமோ தமிழ்நாட்டைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்யட்டும், நாமும் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நோயாளியைக் காத்திருக்கச் சொல்வதா?

பெரிய நிறுவனம்தான் உருப்படியாகச் செய்யும் என்பது அவருடைய மூன்றாவது வாதம். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கூச்சமாவது அவருக்கு இருந்திருக்க வேண்டும். காரைக்காலில் மட்டும் நானூறு பேருக்கு மேல் போனார்கள். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். மதம் பார்க்காமல் உடல்களை அடக்கம் செய்ய இடம் கொடுத்தது அங்கே இருக்கும் தர்கா. யாரும் ரசீது கேட்கவில்லை. தூரத்திலிருந்து லாரி லாரியாக வந்தது என்ன? பழந்துணி. யார் யாரோ உடுத்திக் கழித்தது, நாகைப் பக்கம் சாலையோரம் குவிந்து கிடந்தது, மழையில் ஊறி நாறியது. எல்லாவற்றையும் இழந்து நின்ற மீனவர்கள் அதைத் தொடக்கூட மறுத்தார்கள். பிறகு ஃபைபர் படகுகள் வந்தன. கடலுக்கே போகாதவர் பெயரிலும் படகு, ஏற்கெனவே இருந்ததைவிடக் கூடுதலாகப் படகு. தணிக்கை அறிக்கையில் அத்தனை படகும் சரியாக இருந்திருக்கும்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிட்சாடனர் உலா வரும்போது மாடியிலிருந்து மாங்கனி இறைப்பார்களே, அப்படித்தான் இந்தத் தூரத்து உதவியும். உயரமான பையன் எட்டிப் பிடித்துக்கொள்வான். பின்னால் நிற்கும் ஆயாவுக்குக் கிடைக்கவில்லை என்பது மாடியில் நிற்பவருக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் 2005 ஜனவரியில் நாகை ஆட்சியர் அலுவலகத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கு ஓர் ஒருங்கிணைப்பு மையம் தேவைப்பட்டது. அதைத் தொடங்கியது டெல்லி நிறுவனம் அல்ல. நாகை, காரைக்கால் மீனவப் பெண்களோடு பல வருஷமாகப் பழகிவந்த சிநேகா அமைப்பும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும்தான். எந்தக் குப்பத்தில் யாருக்கு என்ன போயிற்று என்ற கணக்கு பணத்தைவிட அரிய சரக்கு. அதை வைத்திருந்தவர்களைத்தான் பெரியவர் பேனர் கூட்டம் என்கிறார்.

உள்ளூர் என்றாலே யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. மீனவப் பஞ்சாயத்துகள் நிவாரணப் பட்டியலை எழுதியபோது தலைக்கட்டுக் கணக்கில் ஆண்பிள்ளைக்குத்தான் இடம். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளின் பெயர் பல இடங்களில் விடுபட்டது, தலித் குடும்பங்கள் விடுபட்டன. ஆனால் பெயர் விடுபட்டது தெரிந்து சண்டைக்குப் போனதும் பக்கத்தில் இருந்தவர்கள்தான். மும்பையில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தப் பட்டியலில் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

சட்டம் தெரிந்தவர் என்பதால் இன்னொன்றையும் ஞாபகப்படுத்துகிறேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, சமூகப் பொறுப்பு நிதியைச் செலவழிக்கும்போது தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்று சொல்கிறது. கம்பெனிக்கே உள்ளூரை முதலில் பார் என்று நாடாளுமன்றம் சொல்லியிருக்க, காரைக்கால்காரனுக்கு மட்டும் உள்ளூர் கிணறாகிவிட்டதா?

சில சங்கங்களில் கணக்கு ஒழுங்காக இல்லை என்பது உண்மைதான். ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்கு ஆறு பேர் கை வைத்து போட்டோ எடுத்துக்கொள்வதைப் பார்த்து எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. அதற்குப் போய்க் கணக்கைக் கேட்க வேண்டும். கேட்காமல் மேடையேறுவது சோம்பேறித்தனம்.

நான் கேட்டிருக்கிறேன். பைக் மெக்கானிக் கடை ஒன்றில் ரத்ததானக் குழுவின் கணக்கு இருக்கிறது. இருநூறு பக்க நோட்டு, அட்டையில் கிரீஸ் கைரேகை. உள்ளே ரத்த வகை வாரியாகப் பெயர், தெரு, போன் நம்பர், ‘கடைசியா குடுத்தது’ என்று ஒரு பத்தி. மூன்று மாதம் ஆகாதவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் புள்ளி. ஓ நெகட்டிவ் பக்கத்தில் பெயர்கள் கொஞ்சம்தான், அவற்றில் இரண்டு அடிக்கப்பட்டு ‘துபாய்’ என்று எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் வரவு செலவு: ஜிப்மர் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்த நோயாளிக்கு ஆம்புலன்ஸ் டீசல், கூடப் போனவருக்குச் சாப்பாடு, டீ. டீயைக்கூட விடாமல் எழுதியிருக்கிறான் அந்த மெக்கானிக் பையன்.

அந்த நோட்டில் தணிக்கையாளர் கையெழுத்து இல்லைதான். பெரியவர் வந்து போடலாம். ஓய்வில்தானே இருக்கிறார், கடை காலை ஒன்பதரைக்குத் திறக்கும்.