லேசர் செய்தால் திரும்பவே வராதா?

கூச்சமான விஷயம்தான், ஆனாலும் யாராவது பேசத்தானே வேண்டும்.

பவுத்திரத்துக்கு "லேசர் ஒப்பரேசன், அன்றைக்கே வீடு, திரும்ப வராது" என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த மூன்றாவது வாக்குறுதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வெளித் துவாரம் மூடிக்கொள்ளும். உள்ளே பாதை மிச்சமிருந்தால் மாதங்கள் கழித்து மறுபடி சீழ் வரும். பிரிட்டனில் 304 பேரை வைத்துச் செய்த ஃபியாட் ஆய்வில், தசையை வெட்டாமல் 'பிளக்' வைத்து அடைத்தவர்களில் ஒரு வருடத்தின் பின் ஆறியிருந்தது 54 வீதமானோருக்கு. மற்ற முறைகளில் 55 வீதம். பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்!

அதற்காக இவை வீண் என்று சொல்ல வரவில்லை. பாதையைப் பிளந்துவிடும் பழைய முறையில் ஆறும் வாய்ப்புக் கூட. ஆனால் பாதை தசையை ஆழமாகக் கடந்து போனால், வெட்டியபின் காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமல் போகலாம். வுழூ நிற்குமா என்ற கவலையோடு ஆயுசு முழுக்க ஸஃப்பில் நிற்பதைவிட இரண்டாவது தடவை ஒப்பரேசனுக்குப் போவது மேல். லேசர், வாஃப்ட், தாய்லாந்து வைத்தியர் ரோஜனசகுலின் லிஃப்ட் எல்லாமே அந்தத் தசையைக் காப்பாற்றத்தான். பாதை மேலோட்டமானது என்றால் பெரும்பாலும் பழைய வெட்டே போதும், அதற்கு ஏன் கடன்பட்டு லேசர்?

சேர்ஜனிடம் கேளுங்கள்: "உங்களிடம் செய்தவர்களில் ஒரு வருடம் கழித்து எத்தனை பேருக்கு ஆறியிருக்கிறது? திரும்ப வந்தால் அடுத்து என்ன?" சலித்துக்கொள்பவரிடம் அவசரப்பட்டுத் திகதி எடுக்காதீர்கள்.

வீட்டில் உம்மாவோ ராத்தாவோ உட்காரச் சிரமப்பட்டால் நீங்களே மெதுவாக விசாரியுங்கள். அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள்.