வீடு வாங்கிய ஆண்டில் வரிக் கணக்கைத் தவிர்க்காதீர்கள்

நம் ஊரில் வீடோ மனையோ வாங்குகிறவர்கள் ஆவண விஷயத்தில் அசட்டையாக இருப்பதில்லை. முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். தாய்ப் பத்திரத்தைக் கேட்டு வாங்குகிறார்கள், வக்கீலிடம் காட்டுகிறார்கள். பத்திரம் பதிவான கையோடு பட்டா மாறுதலுக்கு மனு கொடுக்கிறார்கள். இத்தனை கவனத்துக்கும் நடுவே ஒன்று மட்டும் விட்டுப்போகிறது: அந்த ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கு. ‘வரி கட்டும் அளவுக்கு எனக்கு வருமானம் இல்லையே, எதற்குக் கணக்கு?’ என்பதே பெரும்பாலோர் சொல்லும் காரணம். வரி வருகிறதோ இல்லையோ, சட்டம் கட்டாயப்படுத்துகிறதோ இல்லையோ, சொத்து வாங்கிய ஆண்டில் கணக்குத் தாக்கல் செய்துவிடுவதே வாங்கியவருக்குப் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தில் ஒரு முரண் இருக்கிறது. வருமானம் வரம்புக்குள் இருந்தாலும், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் மின் கட்டணம் செலுத்தியவரும், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவிட்டவரும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். வீடு வாங்குவது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் வரித் துறைக்கு இந்த விஷயம் தெரியாது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் 2025–26 நிதியாண்டில் நடந்த பதிவுகளை எடுத்துக்கொண்டால், 30 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கிரயங்களைச் சார்பதிவாளர் அலுவலகமே வரித் துறைக்குத் தெரிவிக்கிறது. விவசாய நிலம் அல்லாத சொத்தின் மதிப்பு 50 லட்சத்தைத் தொட்டால், வாங்குபவரே 1 சதவீத வரியைப் பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் கட்டி, அதற்கான படிவத்தையும் கொடுக்க வேண்டும். இது 2013 ஜூன் 1 முதல் இருக்கும் விதி. இந்த விவரங்கள் எல்லாம் வாங்கியவரின் பான் எண்ணுக்குரிய ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏறிவிடுகின்றன. அங்கே பல லட்ச ரூபாய்க் கிரயம் பதிவாகியிருக்கிறது. அதற்கு ஈடாக வருமானத்தைச் சொல்லும் கணக்கு எதுவும் இல்லை. சந்தேகம் எழுவது இந்த இடத்தில்தான்.

கணவன், மனைவி இருவர் பெயரிலும் 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வங்கிக் கடன் 45 லட்சம், கணவரின் சேமிப்பு 10 லட்சம், மனைவியின் நகையை விற்றதில் 5 லட்சம். கணவர் சம்பளக்காரர், வழக்கம்போலக் கணக்குக் காட்டிவிடுவார். வேலைக்குப் போகாத மனைவி காட்ட மாட்டார். ஆனால் கூட்டாக வாங்கிய சொத்தில், முழு 60 லட்சமும் இருவர் அறிக்கையிலும் தனித்தனியே வந்து நிற்பதுண்டு. ஐந்து லட்சம் போட்ட பெண் அறுபது லட்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது. திருப்தியான விளக்கம் தராத முதலீட்டை அந்த ஆண்டின் வருமானமாகவே கருதி, எந்தக் கழிவும் தராமல் சாதாரண விகிதத்தைவிடக் கடுமையாக வரி போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. தப்பியதாகக் கருதப்படும் வருமானம் 50 லட்சத்தைத் தொட்டால், ஐந்து ஆண்டு கழிந்த பிறகும் கோப்பைத் திறக்கலாம். அதற்குள் நகைக்கடை ரசீதின் மை அழிந்திருக்கும்.

‘பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கட்டமே வரிப் படிவத்தில் இல்லையே, தாக்கல் செய்து என்ன பயன்?’ என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரண வருமானக்காரரின் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லைதான். ஆனால் நகை விற்ற லாபத்துக்கும், வரியில்லாத விவசாய வருமானத்துக்கும் அதில் இடம் உண்டு. பணம் வந்த வழிகள் உரிய ஆண்டிலேயே பதிவாகிவிட்டால், பிறகு கேள்வி வரும்போது சொல்லும் பதிலுக்கு வலு இருக்கும். தாக்கல் செய்ய உட்காரும்போதுதான் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பார்ப்போம். தவறாக ஏறிய தொகையை மறுத்துக் கருத்துப் பதியும் வசதியும் அங்கேயே இருக்கிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் கணக்கும் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். வரி இல்லாமல் போவது தள்ளுபடியால்தான். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே கணக்குத் தாக்கல் கட்டாயம்.

‘பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருக்கிறோம், கணக்குக் காட்டினால் மாட்டிக்கொள்ள மாட்டோமா?’ என்ற பயத்தை வெளியே சொல்பவர்கள் குறைவு, மனத்தில் வைத்திருப்பவர்கள் அதிகம். கணக்குக் காட்டாமல் இருப்பதால் எதுவும் மறைந்துவிடுவதில்லை; கிரயத் தகவல் ஏற்கெனவே போய்விட்டது. உண்மையில் 70 லட்சம் கொடுத்துவிட்டு 40 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்த 9 சதவீதத்தில் 2 லட்சத்து 70 ஆயிரம் மிச்சமாவது போலத் தோன்றும். அதே வீட்டை நாளை விற்கும்போது வாங்கிய விலை 40 லட்சம் என்றுதான் கணக்கில் நிற்கும். 2024 ஜூலை 23 முதல் வாங்கிய சொத்துக்கு விலைவாசி உயர்வைக் கழிக்கும் சலுகையும் கிடையாது. அந்த 30 லட்சமும் லாபமாகி, 12.5 சதவீதத்தில் 3 லட்சத்து 75 ஆயிரம் வரி வந்து சேரும். விற்றவர் தவிர்த்த வரியை வாங்கியவர் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். ஆகவே முழு விலையையும் வங்கி வழியே கொடுத்து, முழு விலைக்கே பத்திரம் போடுவதுதான் வாங்குபவருக்கு லாபம்.

எளிய மக்கள் மீது இன்னொரு சுமையா என்ற கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். வரித் துறையின் இணையதளத்தில் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. ஆனால் எதை, எப்போது, எப்படிச் செய்வது என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை. பதிவு நாளில் இரு தரப்பின் பான் எண்ணும் கைபேசி எண்ணும் சார்பதிவாளர் அலுவலகத்தின் கையில் இருக்கின்றன. தகவலை மேலே அனுப்புகிறவர்கள், வாங்கியவருக்கும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுக்கலாம்: 1 சதவீத வரியை எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும், தவறினால் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம், கணக்குத் தாக்கலுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31 என்று. மின் கட்டணத்தைக் கட்டாயப் பட்டியலில் வைத்த சட்டம் வீட்டையும் அதில் சேர்க்கட்டும். வரி வராதவர் தாமதித்தால் அபராதம் வேண்டாம். நோட்டீஸ் அனுப்பத் தெரிந்த துறைக்கு, முன்கூட்டியே வழிகாட்டும் கடமையும் இருக்கிறது.

அதுவரை வாங்கியவர்தான் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். வங்கியின் கடன் கடிதம், நகைக்கடை ரசீது, பணம் மாறிய நாளின் பாஸ்புக் நகல், அந்த ஆண்டின் வரிக் கணக்கு ஒப்புகைச் சீட்டு ஆகிய நான்கும் கிரயப் பத்திரம் இருக்கும் உறையிலேயே இருக்கட்டும். வீடு யாருடையது என்பதைப் பத்திரம் சொல்லும். அது எந்தப் பணத்தில் வந்தது என்பதைச் சொல்ல இந்தத் தாள்கள்தான் வேண்டும்.